அலையை அறிதல்

கரையில் நின்று காண்போர்க்குக் கடலலைகள் அனைத்தும் ஒன்றுபோலவே தோன்றும். மீனவர்க்கும் அலைச்சறுக்கில் தேர்ந்தவர்க்கும் அவை அவ்வாறு தோன்றுவதில்லை. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த கோவளம், இன்று அலைச்சறுக்கிற்குப் பெயர்பெற்ற மீனவர் ஊர். அங்குக் கடலில் இறங்குமுன் அலை, மணல், காற்று ஆகிய மூன்றையும் கூர்ந்து நோக்குவது வழக்கம்.

அலையும் மணலும்

அலைகள் காற்றினால் பிறக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பும் அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து தமிழகக் கரையை அடைகின்றன. அவ்வாறு பயணம் செய்வது நீரன்று, ஆற்றலே. அடுத்தடுத்த அலைகளுக்கு இடையே 10 வினாடிக்கு மேல் இடைவெளி இருப்பின் அவை தொலைவிலிருந்து வந்த வலிய அலைகள். 5 அல்லது 6 வினாடியே இருப்பின் அருகிலுள்ள காற்று எழுப்பியவை.

1 மீட்டர் உயரமுள்ள அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். எனவே அலை உடையும் இடத்தை நீருக்கடியில் உள்ள மணல்திட்டே முடிவு செய்கிறது. மணல்திட்டு இடம் மாறும். ஓதத்தால் ஆழமும் மாறும். ஆதலால் நேற்றைய அலை இன்றும் அதே இடத்தில் உடையும் என்பதற்கு உறுதியில்லை.

காற்று

தென்மேற்குப் பருவக்காலத்தில் காலையில் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று, அலையின் முகப்பைத் தாங்கி நிறுத்துகிறது. பிற்பகலில் எழும் கடற்காற்று அலையைக் குலைத்துவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காலத்திலோ கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

அமைதியில் மறைந்த ஆபத்து

கரையில் மோதிய நீர் மணல்திட்டுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தின் வழியே விரைந்து கடலுக்குத் திரும்புகிறது. அவ்விடத்தில் அலைகள் அதிகம் உடைவதில்லை. அதனால் அது அமைதியாகத் தோன்றும். நீராட வருவோர் பலர் அதனையே பாதுகாப்பான இடமென நம்பி இறங்குகின்றனர். அந்நீரோட்டம் ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை. கடல்நோக்கி இழுத்துச் செல்கிறது. அதனை எதிர்த்துக் கரைநோக்கி நீந்துவோர் களைத்து மூழ்குகின்றனர். அதில் சிக்கியவர் பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கோர வேண்டும். இயலுமாயின் கரைக்கு இணையாக நீந்தி, நீரோட்டத்தை விட்டு விலகியபின் கரைசேர வேண்டும்.

அலைச்சறுக்கில் தேர்ந்தவர்கள் இதே நீரோட்டத்தைக் கடலுக்குள் செல்லும் வழியாகப் பயன்படுத்துகின்றனர். அறிந்தவர்க்கு வழியாக அமைவது அறியாதவர்க்கு உயிர்ப்பகையாகிறது. ஆகவே, புதிய கடற்கரையில் இறங்குமுன் சற்று நேரம் அலைகளை நோக்குதலும், அவ்வூர் மீனவரிடம் கேட்டறிதலும் இன்றியமையாதவை.