பேசாத சான்று

நுழையும்முன்

சாலையில் ஒரு நொடியில் நிகழும் விபத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கூறுவர். பாண்டியன் அவையில் கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தபொழுது உண்மை வெளிப்பட்டது. ஆனால், அதற்கு முன்பே கோவலனின் உயிர் போயிற்று. சான்று உண்மையாய் இருந்தால் மட்டும் போதாது. உரிய காலத்திலும் கிடைத்தல் வேண்டும். வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்து பாதையைப் படம்பிடிக்கும் டாஷ்கேம் என்னும் சிறு கருவி அத்தகைய சான்றைத் தருவது. மின்சாரக் காரில் அதனை நாமே பொருத்தும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

நம் பகுதியும் வண்டிகளும்

மாணவர்களே! நாம் வாழும் பாலாநகர் தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதி. கருவிகளை வடிவமைக்கப் பயிற்றுவிக்கும் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968ஆம் ஆண்டு முதல் இங்கு இயங்குகிறது. சரக்குந்து, பேருந்து, ஆட்டோ, இருசக்கர வண்டி ஆகிய யாவும் நரசாபூர் சந்திப்பில் நெருங்கி வருவதை நாள்தோறும் காண்கிறோம். அந்நெரிசலைக் குறைக்க 2021ஆம் ஆண்டு மேம்பாலம் திறக்கப்பட்டது. இச்சாலைகளில் பச்சை எண்பலகை தாங்கிய வண்டிகள் பெருகி வருகின்றன. அவை மின்சார வண்டிகள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த வண்டி. மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. விபத்து நேர்ந்தவுடன் தவறு யாருடையது என்னும் வாதம் எழுகிறது. வேற்று மாநிலத்தில் வாழ்வோர்க்கு அவ்வேளையில் மொழியும் தடையாகிறது. தெலுங்கைச் சரளமாகப் பேச இயலாத ஓட்டுநர், கூடிநிற்போரிடம் தம் பக்க நியாயத்தை எங்ஙனம் விளக்குவார்? காட்சிப் பதிவுக்கு மொழி தேவையில்லை.

இரண்டு மின்கலங்கள்

மின்சாரக் காரில் இருவகை மின்கலங்கள் உண்டு. சக்கரங்களைச் சுழற்றும் பெரிய மின்கல அடுக்கு, பல கார்களில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உடையது. விளக்கு, ஒலிப்பான், கதவுப்பூட்டு ஆகியவற்றை இயக்குவது 12 வோல்ட் துணை மின்கலம். டாஷ்கேமுக்குத் துணை மின்கலத்தின் மின்சாரமே போதும்.

உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆரஞ்சு நிற உறை உடையவை. அவற்றைத் தொடுவது உயிருக்கு இறுதியாகலாம். ஆகவே, ஆரஞ்சு நிறக் கம்பியைக் கண்டால் கையை விலக்குக. இவ்விதிக்கு விலக்கில்லை.

பொருத்தும் முறை

பெரியவர் ஒருவர் பொருத்த, நீங்கள் உடனிருந்து உதவுக.

1. வண்டியின் கையேட்டைப் படித்து, காற்றுப்பைகள் உள்ள இடங்களை அறிந்துகொள்க. பின்னர் வண்டியை நிறுத்தி, இயக்கத்தை முழுவதும் அணைத்திடுக.

2. உள்கண்ணாடிக்குப் பின்புறம், ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடத்தைத் தேர்க. மழைநீரைத் துடைக்கும் தண்டு சென்று வரும் பகுதிக்குள் அவ்விடம் இருந்தால் மழையிலும் காட்சி தெளிவாயிருக்கும். வண்டியில் முன்னரே அமைந்த கேமரா இருப்பின் அதனை மறைத்தல் கூடாது.

3. கண்ணாடியைத் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் கருவியை ஒட்டி, சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க.

4. மேற்கூரை உறையின் முன்விளிம்பில் கம்பியைச் செருகி, இடப்புறம் கொண்டுசெல்க. அங்கிருந்து கதவோர ரப்பர்ப் பட்டையின் உட்புறமாகக் கீழிறக்கி, 12 வோல்ட் மின்துளைக்குச் சேர்க்க. காற்றுப்பை விரியும் வழியின் குறுக்கே கம்பி செல்லலாகாது. குறுக்கே செல்லும் கம்பி, காக்க வரும் பையைத் தடுத்துவிடும். ஐயம் எழுந்தால் பணிமனையை நாடுக.

5. கருவியில் நாளையும் நேரத்தையும் சரியாக அமைத்து, சிறிது தொலைவு ஓட்டிப் பதிவைச் சரிபார்க்க. நேரம் பிழையானால் சான்றின் வலிமை குறையும்.

மின்துளையில் செருகும் இம்முறையில் எந்தக் கம்பியையும் வெட்டவேண்டுவதில்லை. வண்டி நின்றிருக்கும்பொழுதும் பதிவு வேண்டுவோர் உருகிப் பெட்டியிலிருந்து இணைப்பு எடுப்பர். அது பயிற்சி பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை.

ஹைதராபாத்தின் கோடையில் வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் பெரிதும் சூடேறும். எனவே, லித்தியம் மின்கலம் உள்ள கருவியைவிட, மின்தேக்கி உள்ள கருவியே இவ்வூருக்கு ஏற்றது.

கணக்கிட்டு அறிவோம்

நின்ற வண்டியில் ஒரு கருவி 0.25 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளுக்கு 0.25 × 24 = 6 ஆம்பியர்-மணி. பொங்கல் விடுமுறைக்கு வண்டியை இங்கு நிறுத்திவிட்டு ஆறு நாள் ஊருக்குச் சென்றால் 36 ஆம்பியர்-மணி செலவாகும். துணை மின்கலத்தின் கொள்ளளவு 40 ஆம்பியர்-மணி எனின், எஞ்சுவது நான்கே. பெரிய மின்கல அடுக்கை வண்டியோடு இணைக்கும் விசைக்கும் துணை மின்கலமே ஆற்றல் தருகிறது. எனவே, துணை மின்கலம் வற்றினால், பெரிய அடுக்கு நிறைந்திருந்தும் வண்டி புறப்படாது! நீண்ட நாள் வெளியூர் செல்வோர் கருவியின் இணைப்பை நீக்கிவிட்டுச் செல்வதே நலம்.

ஒரு நிமிடப் பதிவுக்கு 100 மெகாபைட் இடம் வேண்டும் எனக் கொண்டால், 64 ஜிகாபைட் நினைவக அட்டையில் ஏறத்தாழ 640 நிமிடப் பதிவு அடங்கும். அதன்பின் பழைய பதிவை அழித்துப் புதியது எழுதப்படும். நாள்தோறும் இரண்டு மணிநேரம் ஓடும் வண்டியில் ஐந்து நாள்களில் பழைய காட்சி மறைந்துபோம். ஆதலின், விபத்து நேர்ந்தால் முதலில் காயமுற்றோர்க்கு உதவுக. அன்றே பதிவைப் படியெடுத்துப் பாதுகாக்க.

சான்றும் நெறியும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்பதற்கான முறையை வகுத்துள்ளது. உரிய சான்றிதழும் உடன் அளித்தல் வேண்டும். பதிவை வெட்டியும் ஒட்டியும் மாற்றினால் அது சான்றாகாது.

இக்கருவி தன் உரிமையாளர்க்கு மட்டும் துணைநிற்பதன்று. சிவப்பு விளக்கைத் தாண்டியவர் நம் தந்தையாயினும் அதுவும் பதிவாகும். பிறர் தவறு செய்தால் காட்டுவதும், தம் தவறு பதிந்தால் அழிப்பதும் நேர்மை ஆகுமா? மேலும், சாலையில் செல்வோர் முகமும், வண்டியினுள் பேசுவோர் குரலும் பதிவாகின்றன. தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. எனவே, வண்டியில் ஏறுவோர்க்குப் பதிவு நடைபெறுவதை முன்னரே கூறுக. பிறரைக் காட்டும் காட்சிகளை வேடிக்கைக்காகப் பரப்பாதீர். கருவி காண்பதைக் காட்டும்; அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது நம் கையில் உள்ளது.

சொல்லும் பொருளும்

பரல் – சிலம்பினுள் இடப்படும் மணி
உருகி – மிகுதியான மின்னோட்டத்தில் உருகி இணைப்பைத் துண்டிக்கும் கம்பி
மின்தேக்கி – மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் உறுப்பு

மொழியை ஒப்பிடுவோம்

தமிழில் வண்டி, கண் என வழங்குபவை தெலுங்கில் பண்டி, கன்னு என ஒலிக்கின்றன. இவ்வாறு இரு மொழிகளிலும் ஒத்து விளங்கும் ஐந்து சொற்களை வீட்டில் கேட்டு எழுதுக.

மதிப்பீடு

1. டாஷ்கேமுக்கு மின்சாரம் தருவது எந்த மின்கலம்?
2. காற்றுப்பை விரியும் வழியின் குறுக்கே கம்பி செல்லலாகாது. ஏன்?
3. நின்ற வண்டியில் கருவி 0.5 ஆம்பியர் எடுத்தால், 40 ஆம்பியர்-மணி மின்கலம் எத்தனை மணிநேரத்தில் வற்றும்?
4. செருகுக, தேர்க, காக்க – இவ்வியங்கோள் வினைமுற்றுகளைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.
5. உன் வீட்டு வண்டியின் பதிவு, தவறு உன் வீட்டாருடையது எனக் காட்டுகிறது. மோதுண்டவர் அதனைக் கேட்கிறார். நீ என்ன செய்வாய்? காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.