அட்வான்ஸ் நோட்டும் கூலி நோட்டும்

“லட்ச ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தும் ஆள் நிற்பதில்லை, நின்றாலும் ஏனோதானோவென்று தறி ஓட்டுகிறார்.” பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிப் பட்டறை நடத்துபவர்களின் வழக்கமான குறை இது. அட்வான்ஸ்தான் இதற்கு மருந்து என்று நினைக்கிறார்கள். நோயில் பாதி அதுவே என்பேன்.

ஒருவர் ஏன் ஒரே வேலையில் நீடிக்கிறார் என்பதற்கு, கனடாவைச் சேர்ந்த ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற உளவியலாளர்கள் 1991இல் மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். வேலை பிடித்துப்போய் இருப்பவர் ஒருவர். விட்டால் நஷ்டம் என்று இருப்பவர் இன்னொருவர். விட்டுப்போவது முறையல்ல என்று இருப்பவர் மூன்றாமவர். மனசார இருப்பவரிடம்தான் நல்ல வேலையும் ஒழுங்கான வருகையும் கிடைக்கின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நஷ்டத்துக்குப் பயந்து இருப்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அட்வான்ஸ் உருவாக்குவது அவரைத்தான். கடன் தீரும்வரை வருவார். பாவில் இழை அறுந்ததும் ஓடிப்போய்த் தறியை நிறுத்துவாரா என்பது வேறு விஷயம்.

அதற்காக அட்வான்ஸே கூடாது என்று சொல்ல மாட்டேன். பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அவர் வேறு எங்கே போவார்? கொடுங்கள், ஆனால் கூலிக் கணக்கோடு கலக்காதீர்கள். அட்வான்ஸுக்குத் தனி நோட்டு, அதன் நகல் அவர் கையில். வாரம் எவ்வளவு பிடிப்பது என்பதைக் கொடுக்கும்போதே இருவரும் பேசி எழுதிவிடுங்கள். காய்ச்சலில் படுத்த வாரத்தில் பிடித்தம் வேண்டாம். வேறு பட்டறைக்குப் போக விரும்பினால் பாக்கியைத் தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள். கடனைக் காட்டிப் போகவிடாமல் தடுத்தால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குறுக்கே வரும். சிலர் பணத்தோடு மறைந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் தொகையைச் சிறிதாக வையுங்கள் என்கிறேன்.

மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவரை அதிகம் வெறுப்பேற்றுவது சும்மா நிற்கும் நேரம். அடுத்த பாவு வரவில்லை, கரண்ட் இல்லை, மட்ட நூலால் தறி நின்று நின்று ஓடுகிறது. எதுவும் அவர் தவறில்லை, ஆனால் குறைவது அவர் கூலி. அந்த நேரத்துக்குச் சிறு தொகையாவது போடுங்கள். ‘முதலாளி நம் பக்கம் இருக்கிறார்’ என்ற எண்ணத்தைப் பொங்கல் வேட்டி சேலையைவிட இது ஆழமாக ஊன்றும்.

மேஸ்திரி வாயையும் கொஞ்சம் கவனியுங்கள். நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியவருக்கு உங்கள் நல்ல மனசு கண்ணில் படாது.

போனஸ் எவ்வளவு என்பதைத் தீபாவளிக்கு முந்தின வாரம்வரை இழுக்க வேண்டாம். சட்டப்படி வரும் 8.33 சதவீதத்தையே பேரம் பேசி வாங்கினால், அது தந்ததாக யாருக்கும் தோன்றாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், வருகிற கூலி நாளன்று ஒவ்வொருவரிடமும் அட்வான்ஸ் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகை உங்கள் நோட்டோடு எத்தனை பேருக்கு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.