எட்டைத் தாண்டாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரவு இரண்டு மணி, தாலுகா ஆஸ்பத்திரி, கூட ஒரே ஒரு நர்ஸ். மஞ்சள் கண்ணும் பானை வயிறுமாக வந்தவர் பேசின் நிறைய ரத்த வாந்தி எடுக்கிறார். எண்டோஸ்கோப்பி 80 கிலோமீட்டர் தள்ளி. "நான் என்ன மாமா பண்றது?" என்றாய். பண்ண நிறையவே இருக்கிறது.

ஈரல் இறுகிவிட்டது, குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் புக முடியாமல் உணவுக்குழாய்ப் பக்கம் திரும்பி, அங்கே ரத்தக்குழாய்கள் புடைத்து வெடிக்கின்றன. அழுத்தம் ஏறினால் கசிவும் ஏறும். இதை மறந்து நானும் ஒருமுறை கெடுத்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில், இதேபோல் வந்த ஒருவருக்கு ஹீமோகுளோபின் பத்தைத் தொடட்டும் என்று பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினேன். வெளுத்த உதட்டில் நிறம் திரும்பியது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். வருவதற்குள் மறுபடி வாந்தி, கட்டிலெல்லாம் ரத்தம்.

2013-இல் பார்சிலோனா மருத்துவர்கள் இப்படி ரத்தம் கசிந்து வந்த 921 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினால் மட்டும் ரத்தம் ஏற்றியவர்களில் 95 சதவீதம் பேர் ஆறு வாரம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். தாராளமாக ஏற்றியவர்களில் 91. ஆகவே 7, 8 போதும். சலைனிலும் அதே சிக்கனம். ஆனால் கொட்டுகிற ரத்தத்தில் நாடியே விழுகிறதென்றால் எண்ணுக்குக் காத்திராதே.

செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம் உடனே போடு. "காய்ச்சலே இல்லையே சார்?" என்று நர்ஸ் கேட்பார். இந்த நோயாளிகளைப் பல நேரம் கொல்வது பின்னால் வரும் தொற்றுதான். அழுத்தத்தைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு இருந்தால் 50 மைக்ரோகிராம் ஊசி, பிறகு மணிக்கு 50 வீதம் டிரிப்பில். ஆம்புலன்ஸிலும் அது ஓடட்டும். ரத்தத்தை நிறுத்த டிரானெக்ஸாமிக் அமிலத்துக்குக் கை நீளும், மடக்கிக்கொள். 2020-இல் வந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ரத்தம் உறைந்து அடைக்கும் தொல்லைதான் கூடியது. கசிவை அழுத்தி நிறுத்தும் பலூன் குழாயைப் பழகாத கையால் இறக்கினால் உணவுக்குழாய் கிழியும். மயங்குகிறவரை மூச்சுக்குழாயில் டியூப் போடாமல் வண்டியில் ஏற்றாதே. வழியிலேயே வாந்தி புரையேறிவிடும்.

எண்டோஸ்கோப்பியில் பேண்ட் போட்டு 12 மணி நேரத்துக்குள் அடைப்பதுதான் நோக்கம். அதனால் அங்கே முதலிலேயே போன் செய்.

பிழைத்து ஊர் திரும்பினால் உன்னிடம்தான் வருவார். சட்டைப் பையில் அழுத்தத்தைக் குறைக்கும் ப்ராப்ரனோலால் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பார். "ரத்தம் நின்னுடுச்சே சார்" என்று நிறுத்தியிருப்பார். சத்தம் போடாமல் நாடியைப் பிடித்துப் பார்த்து, மறுபடி எழுதிக் கொடு.

அக்காவைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு வருகிறேன்.

உன் மாமா