பாட்டரி காரின் மோட்டார் சுடுவது ஏன்?

வீட்டிலேயே செய்து குழந்தை ஏறி ஓட்டும் பாட்டரி கார், ஆதம்பாக்கத்தின் சமமான தெருவில் எளிதாக ஓடும். பக்கத்துப் பரங்கிமலை ஏற்றத்திலோ அதன் மோட்டார் தொட முடியாதபடி சுடும். காரணம் என்ன?

சுழலும் மோட்டார், எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கித் தன் மின்னோட்டத்தைத் தானே மட்டுப்படுத்துகிறது. வேகம் குறைந்தால் அவ்விசையும் குறையும்; மின்னோட்டம் பெருகும். வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப உயரும் என்பது 1841இல் ஜூல் வெளியிட்ட விதி.

12 வோல்ட் பாட்டரியில், 0.5 ஓம் தடையுள்ள மோட்டார் 4 ஆம்பியர் எடுத்தால் கம்பிச்சுருளில் 8 வாட் வெப்பமே உண்டாகும். சக்கரம் சிக்கி நின்றால் 24 ஆம்பியர் வரை பாயும். வெப்பம் 288 வாட்! கம்பியின் காப்புப்பூச்சு கருகிவிடும்.

ஆகவே, பற்சக்கரங்களால் வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டுங்கள். மோட்டாருக்குக் காற்றோட்டம் விடுங்கள். தகுந்த ப்யூஸ் இல்லாமல் ஓட்ட வேண்டா. வண்டி நின்றுவிட்டால் உடனே மிதியிலிருந்து காலை எடுக்கவேண்டும் என்பதே குழந்தைக்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம்.