மாதிரி ஸ்டேஷனுக்கு உள்வெளிச்சம்

மாதிரி ரயில் செய்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஸ்டேஷன் கட்டடத்தை அழகாகவே செய்துவிடுகிறார்கள். பிறகு நடுவில் ஒரு பல்பை வைத்து ஸ்விட்சைப் போடுகிறார்கள். எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி பளீரென்று எரிகிறது. சுவர் மூலைகளில் வெளிச்சம் கசிகிறது. அது ஸ்டேஷன் அல்ல. தீபாவளிக்கு இந்தப் பக்கத்து மாடிகளில் தொங்கும் ஆகாச கந்தீல்!

புனே கோத்ரூட்டில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்த நம் சங்க அன்பர்கள் சிலர், வீட்டில் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். முடியும். ஊர் முழுவதும் வேண்டாம். ஒற்றைப் பாதையில் ஒரு சிறு ஸ்டேஷன், இரவு நேரம், அது போதும்.

அளவு 87-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். இதைத்தான் ஹெச்.ஓ. என்பார்கள். (நம் அகலப்பாதைக்குத் தண்டவாள இடைவெளி 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரவேண்டும். கடையில் கிடைப்பது 16.5 மி.மீ. கட்டடம் செய்பவருக்கு அந்தக் கவலை இல்லை.) ஆள் உயரம் 20 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மேஜை 9 மி.மீ. நாலடி டியூப் லைட் 14 மி.மீ. பதின்மூன்றரை அங்குலச் செங்கல் சுவர் 4 மி.மீ. கனம். பழைய ஸ்டேஷன்களின் சுவர் அவ்வளவு கனம் இருந்தால்தான் ஜன்னலுக்கு ஆழம் வரும். 3 மி.மீ. சன் போர்டில் ஒரு அட்டையை ஒட்டினால் சரியாகிவிடும்.

இனி ஒரு கணக்கு. நாம் மாதிரியை ஏறக்குறைய 60 செ.மீ. தொலைவிலிருந்து பார்க்கிறோம். அதை 87-ஆல் பெருக்கினால் 52 மீட்டர். அதாவது, இரவில் 52 மீட்டர் தள்ளி நின்று ஒரு ஜன்னலைப் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் மேஜை மேலுள்ள பேனா தெரியுமா? ரிஜிஸ்டரின் கோடு தெரியுமா? தெரியாது. தெரிவதெல்லாம் நிறத் திட்டுகள்தான். வெள்ளைச் சீருடை, சிவப்புக் கருவி, விளக்கின் கீழே வெளுத்துத் தெரியும் மேஜைப் பரப்பு, மேலே வெளிர் நிறமும் கீழே அடர் நிறமும் பூசிய சுவர். இந்த நான்கும் சரியாக இருந்தால் அறைக்கு உயிர் வந்துவிடும். நாற்காலியின் பிரம்புப் பின்னலுக்காக மூன்று நாள் செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொறுமை பாராட்டத்தக்கது. ஆனால் பலன் கூரைக்கடியில் போய்விடுகிறது.

அந்தச் சிவப்புக் கருவியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் காத்தவற்றில் ஒன்று நீல்ஸ் டோக்கன் கருவி. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களின் கருவிகளும் மின்கம்பியால் இணைந்தவை. ஒன்றிலிருந்து ஓர் இரும்பு உருண்டை வெளியே வந்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை இரண்டு பக்கமும் அடுத்த உருண்டை வராது. உருண்டை டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி போகலாம். இப்போது இவற்றின் இடத்தைப் புதிய முறைகள் பிடித்துவருகின்றன. ஆகவே பிள்ளைகளுக்கு இதன் வேலையைச் சொல்லிக் கொடுத்து, மேஜையைவிட உயரமான ஒரு சிறு மரக்கட்டைக்குச் சிவப்புப் பூசிச் சுவரோரம் வைக்கச் சொல்லுங்கள்.

எல்லா அறையிலும் விளக்கு வேண்டாம். இரவில் ஸ்டேஷன் மாஸ்டர் அறை விளக்குதான் அணையாமல் எரியும். டிக்கெட் அறையில் பாசஞ்சர் வரும் நேரத்துக்கு மட்டும். பயணிகள் கூடத்தில் ஒன்று. சாமான் அறை இருட்டு. அறைக்கு அறை அட்டையால் தடுத்து, தனித்தனி ஸ்விட்ச் வையுங்கள். இருட்டு ஜன்னல் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் எரியும் ஜன்னலுக்கு அர்த்தம் உண்டு.

எந்த ஆண்டின் ஸ்டேஷன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குண்டு பல்பு காலம் என்றால் 2700 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி.; டியூப் லைட் காலம் என்றால் 6500 கெல்வின் வெள்ளை. மண்ணெண்ணெய் விளக்குக் காலத்துக்கு மஞ்சள் எல்.இ.டி. மீது ஆரஞ்சுக் கண்ணாடி வர்ணம் ஒரு பூச்சு.

மின்சார வேலை சுலபம். 12 வோல்ட் அடாப்டர் ஒன்று போதும். 230 வோல்ட் பக்கம் பிள்ளைகள் கையே போகக் கூடாது. வெள்ளை எல்.இ.டி. ஏறக்குறைய 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 9 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கவேண்டும். 2 மில்லி ஆம்பியர் போதுமென்றால் 9-ஐ 0.002-ஆல் வகுக்க 4500 ஓம். கடையில் 4.7 கிலோ ஓம் என்று கேளுங்கள். கால் வாட் போதும். அதுவும் கண்ணைக் கூசினால் 10 கிலோ ஓம் போடுங்கள். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர். நீளமான கால் பாசிட்டிவ். 3 மி.மீ. எல்.இ.டி.யின் குமிழ்த் தலையை அரத்தால் தட்டையாகத் தேய்த்துவிட்டால் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியாமல் பரவும்.

விளக்கு உண்மையில் தொங்கும் இடத்தில்தான் எல்.இ.டி. இருக்கவேண்டும், ஆனால் அது நேராகக் கண்ணில் படக்கூடாது. ஜன்னலின் மேல் விளிம்புக்கும் மேலே ஏற்றிவிடுங்கள். சுவரின் உட்புறம் முதலில் கறுப்பு, காய்ந்தபின் சுவர் நிறம். கறுப்புப் பூசாத சன் போர்டு முழுவதுமே ஒளிரும். கூரையைப் பசை போட்டு ஒட்டாமல் கழற்றும்படி வையுங்கள். ஒரு கம்பி விட்டுப்போனாலும் உள்ளே கை போகவேண்டுமே.

கடைசியாக, பிளாட்பாரத்தில் கை விளக்கோடு நிற்கும் ஆள். பிளாட்பாரத்துக்கு அடியில் ஒரு பச்சை எல்.இ.டி. வைத்து, அதிலிருந்து முக்கால் மி.மீ. ஒளியிழை ஒன்றை மேலே கொண்டுவந்து பொம்மையின் கை உயரத்தில் வெட்டுங்கள். பாதிப் பேர் இங்கே மினுக்கும் சர்க்யூட் சேர்க்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். பச்சை விளக்கை அசையாமல் பிடித்தால்தான் 'போகலாம்'. மேலும் கீழும் ஆட்டினால் 'எச்சரிக்கையோடு போ' என்று பொருள்.