தோணியைக் கவிழ்த்துப் பார்

நோர்வூட்

அன்புள்ள மருமகனுக்கு,

மவுசாகலை நீர்த்தேக்கத்தில் வலை போடப் பழைய பைபர் தோணி ஒன்று பார்த்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பெயின்ட் புதுசு மாதிரி இருக்கிறதாமே. எனக்கு அதுதான் பயம். விற்கப்போகிறவன் கடைசியாகச் செய்கிற வேலை பெயின்ட் அடிப்பது.

முதலில் தோணியைக் கவிழ்க்கச் சொல். அந்தத் தண்ணிக்குள் பழைய மஸ்கெலியா டவுனே கிடக்கிறது. 1969இல் அணை நிரம்பியபோது மூழ்கிய கட்டிடங்கள், தண்ணி வற்றினால் இன்றைக்கும் தலைகாட்டும். அவை வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்னால், ஒரு அடி தண்ணிக்குள் மறைந்து நிற்கும்போதுதான் தோணி அடிபடும். ஆகவே அடிப்பக்கம் பார்க்காமல் விலை பேசாதே.

மயிரிழைக் கீறல் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். வெயிலில் கிடந்தால் மேல்பூச்சு வெடிக்கத்தான் செய்யும். ஆனால் ஒரே புள்ளியிலிருந்து நாலா பக்கமும் கீறல் ஓடினால், அங்கே கல்லோ கட்டையோ மோதியிருக்கிறது. அதே இடத்தை உள்பக்கம் பார். பைபர் வெள்ளையாக வெளுத்திருந்தால் நார் உடைந்துவிட்டது. பத்து ரூபாய்க் குத்தியால் சாணுக்குச் சாண் தட்டு. நல்ல இடம் 'டக்' என்று கேட்கும். 'தொப்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே படை பிரிந்திருக்கிறது.

அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம் இருக்கிறதா என்றும் தடவிப் பார். கடல் தண்ணியைவிட நல்ல தண்ணிதான் பைபருக்குள் சீக்கிரம் இறங்கும். கொப்புளத்தைக் குத்தினால் வினாகிரி மாதிரிப் புளித்த வாடை வரும். நாலைந்து என்றால் சுரண்டிக் காயவைத்துச் சரிசெய்யலாம். அடி முழுக்க இருந்தால் விட்டுவிடு.

பட்டி பார்த்த இடம்தான் மோசம். நான் வாங்கிய முதல் தோணியில், மூன்றாம் வாரம், நடுத்தண்ணியில் பட்டி பெயர்ந்து விழுந்தது. பெருவிரல் போகிற ஓட்டை. சாரத்தைச் சுருட்டி அதில் அடைத்து, குதிகாலால் மிதித்துக்கொண்டே கரை சேர்ந்தேன். அந்தக் குளிரில் நீந்தியிருந்தால் இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஒழுங்காக ஒட்டிய இடத்தில் உள்பக்கமும் பைபர் பாய் படிந்திருக்கும். வெறும் பட்டியென்றால் உள்ளே ஒன்றும் இருக்காது.

சந்தேகம் தீராவிட்டால் தோணியை நிமிர்த்தி, அடியில் பழைய டயர்களை நெருக்கமாக வைத்து, உள்ளே பத்து வாளி தண்ணி ஊற்று. வெளியே துணியால் துடைத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பொறுத்துப் பார். ஓட்டை இருந்தால் முத்து முத்தாகக் காட்டிக்கொடுக்கும். ஊற்ற விடாதவனிடம் வாங்காதே.

உன் அம்மா கொழுந்து பறித்துக் கட்டிய சீட்டுப் பணம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை ஒரு சதமும் முற்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா