தடி வேறு, கூலி வேறு

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்துக்குத் தனியாகவே பதில் போட்டிருப்பேன். ஆனால் காரோடு, செங்கல், குன்னத்துகால், வெள்ளறடை என்று நம் கேரள எல்லையோரத்தில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும், கூரைக்கு மேலே ஒரு அயனியோ பிலாவோ கவிழ்ந்து நிற்கிற வீடு நாலாவது கண்ணில் படும். அதனால்தான் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அடுக்களைக்குப் பதினைந்தடி தள்ளி நிற்கிற அயனியை வெட்டச் சொல்லிப் பஞ்சாயத்து நோட்டீஸ் வந்துவிட்டது, தடி வியாபாரி ஒருவர், "கூலி ஒன்றும் வேண்டாம், நானே முறித்துக்கொண்டு உங்கள் கையில் ஒரு தொகையும் தருகிறேன்" என்கிறார், சம்மதிக்கலாமா?

அப்படியே சம்மதிக்காதீர்கள். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவருடைய லாபம் தடியின் நீளத்தில் இருக்கிறது. அயனித் தடி சாதாரணச் சரக்கு இல்லை. நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் போகும், வள்ளத்துக்குப் போகும், குட்டநாட்டுச் சுண்டன் வள்ளங்களே அயனிப் பலகையில் செய்தவைதான். இருபதடி நீளத்தில் முறியாமல் கிடைத்தால் ஒரு விலை, ஐந்தடித் துண்டுகளாகக் கிடைத்தால் வேறு விலை. உங்கள் அடுக்களைக்கோ நேர்மாறான கணக்கு. மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினால்தான் ஓடு தப்பும். வெட்டுகிறவருக்கு மரத்தை முழுசாகச் சாய்க்கத் தோன்றும், வீட்டுக்காரருக்கு அது சாயவே கூடாது. கூலியையும் தடி விலையையும் ஒரே பேச்சில் முடித்தால், எந்தப் பக்கம் வாள் வைப்பது என்பதை வியாபாரியின் கணக்கு தீர்மானித்துவிடும்.

இதை நான் அனுபவத்தில் படித்தேன். எங்கள் வீட்டுப் பிலாவை இப்படித்தான் ஒருவருக்குச் "சும்மா" கொடுத்தோம். கொப்பு இறக்காமல் வடம் கட்டி இழுத்தார்கள். மரம் கால்வட்டம் திரும்பி, கிணற்றுச் சுவரையும் அடுத்த வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் கூட்டிக்கொண்டு விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தெய்வாதீனம். தடி மறுநாள் காலை லாரியில் ஏறிப் போனது. கூரைக்குப் பணம் நாங்கள்தான் கொடுத்தோம். தடி விற்ற தொகையைவிட அது அதிகம் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால் முதலில் மரம் ஏறத் தெரிந்த ஒரு குழுவைப் பிடியுங்கள். இறக்குவதற்கு மட்டும் கூலி பேசுங்கள். தடி தரையில் கிடந்த பிறகு வியாபாரியைக் கூப்பிடுங்கள். ஒருவரையல்ல, இரண்டு மூன்று பேரை. கையில் மிஞ்சுவது குறையலாம். குறையட்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று: முறிக்கத்தான் வேண்டுமா? நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்தியது மரத்தின் உயரம் அல்ல. தெற்குப் பக்கத்தில் வீடு கட்ட அடுத்த விளைக்காரர் ஜேசிபி வைத்து மண் எடுத்தார், இப்போது மரம் கையாலை விளிம்பில் சாய்ந்து நிற்கிறது என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. மரத்தை நிறுத்துகிற வேர்கள் ஆழத்தில் இருப்பதைவிடப் பக்கவாட்டில் பரவுவதே அதிகம். ஒரு பக்கம் மண் வெட்டினால் அந்தப் பக்கத்துப் பிடி போயிற்று. பத்து சென்டு, ஐந்து சென்டு என்று விளைகளைத் துண்டு போட்டு, மேட்டைச் சமப்படுத்தி வீடு கட்டுகிற நம் ஊர்களில் மரம் விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

மரத்தின் மூட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ பொங்கியோ இருக்கிறதா? மூட்டில் கட்டைக் காளான் தட்டுத் தட்டாக முளைத்திருக்கிறதா? கோடாலியின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்கிறதா, பொதபொதவென்கிறதா? பொள்ளல் இருக்கிறது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலா உங்களுக்குத் தெரியாததல்ல. எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி ஓடிய திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்ததாகத்தானே நம் பாட்டிமார் சொல்வார்கள். ஓர் ஆள் நுழைகிற பொந்து இருந்தும் மரம் நின்றது. மரவல்லுநர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மையத்திலிருந்து பட்டை வரையுள்ள தூரத்தில் வெளிப்புற மூன்றில் ஒரு பங்காவது கெட்டியான மரமாகச் சுற்றிலும் இருந்தால், பொள்ளல் மரமும் பெரும்பாலும் தாங்கும். வேர் போன மரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் அயனி இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது. இறக்குவதுதான் சரி.

எப்போது? இப்போதே முழுசாக வேண்டாம். ரப்பர் வருஷத்தில் ஒரு முறை இலையுதிர்த்து மொட்டையாக நின்று காற்றுக்கு வழிவிடும். அயனியும் பிலாவும் மாவும் எந்நேரமும் பச்சை. இடவப்பாதியிலும் துலாமழையிலும் அதே அடர்ந்த தலையோடுதான் நிற்கும். நனைந்த இலையின் பாரம் மேலே, ஊறிக் குழைந்த செம்மண் கீழே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்து போனபோது நம் இரண்டு பக்கத்திலும் மரமும் மின்கம்பமும் சேர்ந்து சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குமரிப் பக்கம் நாள்கணக்கில் கரண்டு இல்லை. ஆகவே துலாமழைக்கு முன்னால் வீட்டுப் பக்கத்துக் கொப்புகளை மட்டும் இறக்கிப் பாரத்தைக் குறையுங்கள். மழை ஓய்ந்து, தை மாசியில் மண் இறுகிய பிறகு மீதி வேலை.

வேலை நாளில் நீங்கள் மரம் ஏறப்போவதில்லை. ஆனால் எது சரி என்று தெரிந்திருந்தால், தப்பாகச் செய்யும்போது நிறுத்தச் சொல்லலாம்.

ஏறுகிறவருக்கு இடுப்பில் பெல்ட்டும் தலையில் ஹெல்மெட்டும் இருக்கவேண்டும். "நாற்பது வருஷமா இப்படித்தான் ஏறுறேன்" என்பார். இருக்கட்டும், பெல்ட் போட்டுக்கொண்டே ஏறட்டும். மெஷின் வாளை ஒரு கையில் பிடித்து அறுக்க விடாதீர்கள். ஒவ்வொரு கொப்பையும் அறுக்கும் முன்பே கயிறு கட்டி, அந்தக் கயிற்றை மேலே ஒரு கவையில் போட்டு, கீழே வேறொரு மரத்தின் மூட்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடிக்கவேண்டும். கீழே நிற்பவர் கயிற்றைத் தன் கையிலோ இடுப்பிலோ சுற்றியிருந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள். பச்சைக் கொப்பின் கனம் பார்வைக்குத் தெரியாது, ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

தலை முழுக்க இறங்கி மொட்டைத் தடி மட்டும் நிற்கும்போது, விழ இடமிருந்தால் சாய்க்கலாம். விழவேண்டிய பக்கத்தில் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, சற்று மேலே, பின்வெட்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரம் அறுபடாமல் நிற்கவேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி, தடியைத் திசை மாறாமல் படுக்க வைப்பது அந்த ஒட்டுதான். அவசரக்காரர் அதையும் அறுத்துவிடுவார். எங்கள் பிலா திரும்பியது அப்படித்தான். ஏற்கெனவே சாய்ந்த தடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாய்வுப் பக்கம் வாய் வெட்டிவிட்டுப் பின்னாலிருந்து அறுக்கும்போது, பாதியிலேயே தடி நெடுக்கப் பிளந்து, பிளந்த துண்டு வெட்டுகிறவர் மேலேயே எகிறும். உங்களுடையது சாய்ந்த மரம், வேர் போன மரம். லாரி வர வழியிருந்தால் கிரேன் பிடியுங்கள். இல்லையென்றால் மொட்டைத் தடியையும் துண்டு துண்டாகவே இறக்கச் சொல்லுங்கள், வியாபாரி முகம் சுளித்தாலும் சரி.

மின்கம்பி பக்கத்தில் போகிறது என்றால் கேஎஸ்இபி செக்‌ஷன் ஆபீஸில் முன்னதாக எழுதிக் கொடுத்து, லைன் நிறுத்தியதை லைன்மேன் வாயால் கேட்ட பிறகே வாள் மேலே போகட்டும். அலுமினியத் தோட்டி அன்றைக்கு அந்தப் பக்கமே வரக்கூடாது. ஆபீஸில் பேசும்போது அயனி என்றால் சிலர் விழிப்பார்கள், "ஆஞ்ஞிலி" என்று சொல்லுங்கள்.

மேலே கடந்தல் கூடு உண்டா என்று முதல் நாளே அண்ணாந்து பாருங்கள். பறவைக் கூடும்தான். 2022 செப்டம்பரில் மலப்புறத்தில் நெடுஞ்சாலைக்காக ஒரு புளியமரத்தைக் கூடுகளோடு சாய்த்ததில் குஞ்சுகள் கொத்தாகச் செத்து, வழக்கு வரை போனது.

சட்டத்தைப் பற்றி அதிகம் பயந்திருக்கிறீர்கள். சொந்தப் பட்டா நிலத்து அயனிக்குச் சிக்கல் இல்லை. வனமல்லாத நிலத்தில் சந்தனம் தவிர மற்ற மரங்களை உடையவர் வெட்டலாம் என்பதுதான் கேரளத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாரம். தேக்கு, ஈட்டி என்றாலோ, அரசு பதித்துக் கொடுத்த நிலம் என்றாலோ வனத்துறையிடம் கேட்காமல் தொடாதீர்கள். நோட்டீஸை மட்டும் மேசை இழுப்பில் போட்டு வைக்காதீர்கள். விழும் நிலையிலுள்ள மரத்தை அகற்றச் சொல்லி ஆர்.டி.ஓ. உத்தரவு போட வழியுண்டு. அதற்குள் விழுந்து யாருக்காவது ஏதாவது ஆனால் பொறுப்பு உடையவர் தலையில். இன்ன தேதிக்குள் இறக்குகிறேன், அதுவரை கொப்புகளைக் குறைத்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, கைச்சாத்து வாங்கி வையுங்கள். மண் எடுத்ததால் வேர் போன விவரத்தையும் அதில் ஒரு வரி சேருங்கள். மரத்தைப் பற்றிக் கோபமாக இருக்கிறார் என்று நீங்கள் எழுதிய வடக்கு வீட்டுக்காரரிடம் அந்த நகலைக் காட்டினால் அவர் கோபமும் பாதி அடங்கும்.

அன்றைக்கு அடுக்களையில் அடுப்பு மூட்டாதீர்கள். கேஸ் சிலிண்டரைக் கழற்றி முன்பக்கத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள். பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சாய்க்கிற நேரத்தில் வேலையாள் அல்லாத யாரும் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் நிற்கக்கூடாது. நாள் குறித்ததும் ஒரு கார்டு போடுங்கள், நானும் வருகிறேன். உங்கள் மரம் எண்பதடி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் நிற்கப்போவது ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடைத் திண்ணையில்தான்.

அன்புடன்,
உங்கள் தம்பி